மகளின் மண்ணீரலில் 7 செ.மீ. நீர்க்கட்டி: பிறவிக் கட்டி என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கேள்வி – மலையடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் மலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறோம். என் மகளுக்கு 13 வயது. நான்கைந்து மாதங்களாகப் பாதிச் சாப்பாட்டிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை ஒதுக்கி வந்தாள். இடப்பக்க விலாவுக்குக் கீழே பாரமாக இருப்பதாகவும், சில நாட்களில் அந்த வலி இடது தோள்பட்டை வரை ஏறுவதாகவும் சொன்னாள். வயிற்றுப்புண் என்று மருந்து கொடுத்துப் பார்த்தோம், குறையவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில் மண்ணீரலின் மேற்பகுதியில் 7 செ.மீ. அளவில் ஒரு நீர்க்கட்டி இருப்பதாகத் தெரிந்தது. அதே அறிக்கையில் "1.5 செ.மீ. அளவில் துணை மண்ணீரல் ஒன்று உள்ளது" என்றும், கடைசி வரியில் "பிறவி நீர்க்கட்டியாக இருக்கலாம், ஹைடாடிட் (நாய் வழியாகப் பரவும் புழுவால் வரும் கட்டி) இல்லை என்பதை உறுதி செய்யவும்" என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இரத்தத்தில் சி.ஏ. 19-9 என்ற பரிசோதனையும் செய்தார்கள். 37-க்குள் இருக்க வேண்டிய அளவு 180 என்று வந்திருக்கிறது. அது புற்றுநோய்க்கான பரிசோதனை என்று ஆய்வகத்தில் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. நாங்கள் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் மண்ணீரலையே எடுத்துவிடலாம் என்கிறார். மற்றொருவர் ஊசி வைத்து நீரை உறிஞ்சிவிட்டால் போதும் என்கிறார். பிறக்கும்போதே இருந்த கட்டி என்றால் இத்தனை ஆண்டுகள் எப்படித் தெரியாமல் இருந்தது? படத்தைப் பார்த்தே அது பிறவிக் கட்டி என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? எங்கள் வீட்டில் ஆடுகளும் ஒரு நாயும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1 – நிழலும் ஒளியும் (கதிரியல் மருத்துவர்)

அம்மா, முதலில் அந்த 180 பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை நீங்கள் நிதானமாகப் படிக்க அது உதவும். மண்ணீரலில் தோன்றும் எபிடெர்மாய்டு என்ற பிறவி நீர்க்கட்டியின் உட்பூச்சுச் செல்களே சி.ஏ. 19-9 என்னும் பொருளைச் சுரக்கின்றன. கட்டிக்குள் இருக்கும் நீரில் அது மிக அதிகமாக இருக்கும். அதில் ஒரு பங்கு இரத்தத்திலும் கலக்கும். கட்டி புற்றுநோயாக இல்லாதபோதும் இந்த எண் உயரும், கட்டியை அகற்றியபின் இறங்கும். 13 வயதுக் குழந்தையிடம், மண்ணீரலில் தெளிவான நீர்க்கட்டி ஒன்று தெரிந்திருக்கும் நிலையில், இந்த எண்ணை வைத்துப் புற்றுநோய் என்று அஞ்சுவதற்கு இடமில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே இருந்திருக்கலாம்.

படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்பதே நேர்மையான பதில். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லலாம்.

நான் இத்தகைய படத்தில் முதலில் பார்ப்பது, கட்டி உண்மையிலேயே மண்ணீரலுக்குள்தான் இருக்கிறதா என்பதை. கணையத்தின் வால் பகுதி, இடது சிறுநீரகத்தின் மேல்முனை, அட்ரினல் சுரப்பி ஆகிய மூன்றும் மண்ணீரலை ஒட்டியே இருப்பதால், அவற்றிலிருந்து எழும் கட்டியும் மண்ணீரலில் இருப்பதுபோலத் தோன்றக்கூடும். கட்டியின் விளிம்பை மண்ணீரல் திசு நகம்போல் இருபுறமும் பற்றியிருந்தால் அது மண்ணீரலுக்குரியது. அடுத்து கட்டியின் உட்சுவர். அது வழவழப்பாக இல்லாமல் வரிவரியாக மேடு தட்டியிருந்தால் பிறவிக் கட்டியின் பக்கம் சாய்வேன். உள்ளிருக்கும் நீரில் பொடிப்பொடியாக மிதப்பது தெரிந்தால் சீழ் என்று பதற வேண்டியதில்லை. காய்ச்சல் இல்லாத குழந்தையிடம் அது பெரும்பாலும் கொலஸ்ட்ரால் துகள்களாகவே இருக்கும். சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால், பழைய இரத்தக்கட்டு கரைந்து உண்டான போலிக் கட்டியையோ ஹைடாடிட்டையோ கூடுதலாக நினைக்க வேண்டும். மெல்லிய தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிந்து, மண்ணீரலின் உறையை ஒட்டிக் கொத்தாக இருப்பது லிம்ஃபாஞ்சியோமா என்ற நிணநீர்க் குழாய்க் கட்டி. அதுவும் பிறவியில் வருவதே.

இப்போது உங்கள் நாயைப் பற்றி. ஹைடாடிட் என்பது நாயின் குடலில் வாழும் எக்கைனோகாக்கஸ் என்ற சிறு நாடாப்புழுவால் வருவது. அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் தின்னும் நாய்க்கு அது தொற்றுகிறது. நாயின் மலத்தில் வெளிவரும் முட்டைகள் கையிலோ கழுவாத கீரையிலோ ஒட்டி நம் வயிற்றுக்குள் போகின்றன. ஆடு வளர்ப்பதாலோ சமைத்த ஆட்டுக்கறி உண்பதாலோ மனிதருக்கு இது நேரடியாக வருவதில்லை. பெரிய கட்டிக்குள் குஞ்சுக் கட்டிகள் தெரிந்தாலும், உட்சவ்வு கழன்று நீர்மேல் அல்லி இலைபோல் மிதந்தாலும் படமே சொல்லிவிடும். தொல்லை எங்கே என்றால், தொடக்க நிலை ஹைடாடிட் ஒற்றை அறையுடன் தெளிந்த நீராக, பிறவிக் கட்டியைப் போலவே இருக்கும். இந்தப் புழுவுக்குப் பிடித்தமான இடம் ஈரல், அதற்கடுத்தது நுரையீரல். மண்ணீரலில் மட்டும் தனித்து இருப்பது அரிது. ஆகவே ஈரலையும் மார்பு எக்ஸ்ரேயையும் கவனமாகப் பார்த்து, இரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்ய வேண்டும். அது இல்லை என்று வந்தாலும் முழு நிம்மதி கிடைக்காது. கட்டி முழுமையாக மூடிக்கிடந்தால் உடல் அதை அறியாமலே இருப்பதுண்டு.

துணை மண்ணீரலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கருவில் ஐந்தாவது வாரமளவில் இரைப்பையின் பின்புற மடிப்பில் சிறுசிறு திசுத் திரள்களாகத் தோன்றி, பின் ஒன்றாகக் கூடி மண்ணீரல் உருவாகிறது. அப்படிக் கூடாமல் விடுபட்ட ஒரு துண்டுதான் அது. நலமாக வாழ்பவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கும். அடுத்த படமாக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள், கதிர்வீச்சு இல்லை, கட்டியின் உட்சுவரும் நன்றாகத் தெரியும். ஒரு கேள்வி: குழந்தை எப்போதாவது விழுந்து அடிபட்டதுண்டா? மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததாக இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில் 2 – மலையடிவாரம்

மிக்க நன்றி, ஐயா. முதல்முறை மருத்துவர் கேட்டபோது அடிபடவில்லை என்றுதான் சொன்னேன். உங்கள் கேள்வியைப் பார்த்தபின் அவளிடம் கேட்டதில், ஒன்பது வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் இடித்ததை நினைவுகூர்ந்தாள். திட்டு விழும் என்று அப்போது எங்களிடம் சொல்லவில்லையாம். அப்படியென்றால் இது பிறவிக் கட்டி இல்லையா?

பதில் 3 – கத்தியும் நூலும் (குழந்தைகள் அறுவை மருத்துவர்)

ஹேண்டில்பார் இடித்து மண்ணீரல் காயப்படுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். உள்ளே இரத்தம் தேங்கி, மாதக்கணக்கில் கரைந்து, நார்த்திசுச் சுவருடன் நீர்க்கட்டியாக நிற்கலாம். ஆனாலும் விழுந்தாள் என்பதாலேயே போலிக் கட்டி என்று முடிவு கட்டிவிட முடியாது. விழாத குழந்தை எங்கே இருக்கிறது? முன்பே இருந்த பிறவிக் கட்டிக்குள் அந்த இடியால் இரத்தம் கசிந்து, அதன்பின் அது பெரிதாகியிருக்கவும் கூடும். பிறவிக் கட்டி இத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு: கருவில் ஒரு புள்ளியாக இருப்பது மெல்லமெல்ல நீர் சுரந்து வளர்கிறது, இரைப்பையை அழுத்தும் அளவு வந்தபிறகுதான் பசி குறைவதும் பாரமும் தெரியும். உதரவிதானத்தை உரசும்போது தோளில் வலிக்கிறது. பெரும்பாலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் கண்டுபிடிக்கப்படுவது இதனால்தான்.

ஊசி வைத்து உறிஞ்சுவதை இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹைடாடிட் இல்லை என்று தெரியாமல் குத்தினால், கசியும் நீரால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வயிறெங்கும் புதிய கட்டிகளும் முளைக்கலாம். ஹைடாடிட் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், உட்பூச்சு உள்ளே இருக்கும்வரை அது மறுபடியும் நீரைச் சுரந்து கட்டியை நிரப்பும். கட்டியின் மேல்கூரையை மட்டும் வெட்டித் திறந்துவிடும் லேப்ராஸ்கோப்பி முறையிலும் இதே குறை இருக்கிறது. அப்படித் திறந்துவிடப்பட்ட கட்டிகள் திரும்ப வந்து நான் மறுபடி அறுவை செய்ததுண்டு.

மண்ணீரலை முழுவதுமாக எடுப்பது கட்டியை ஒழிக்கும். ஆனால் அதற்குக் குழந்தை வாழ்நாள் முழுவதும் விலை கொடுக்கிறது. நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற உறையுள்ள கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டுவது இந்த உறுப்பு. மண்ணீரல் எடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்குப் பின்னாளில் கடும் இரத்தத் தொற்று வருவதைக் கிங், ஷூமாக்கர் என்ற இரு மருத்துவர்கள் 1952-இல் எழுதினார்கள். அதற்குமுன் மண்ணீரல் இல்லாமலே வாழ்ந்துவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவந்தோம். மண்ணீரலுக்கு வரும் தமனி பல கிளைகளாகப் பிரிந்து ஒவ்வொரு கிளையும் ஒரு பகுதியை மட்டும் ஊட்டுவதால், கட்டியுள்ள பகுதிக்கான கிளையை மட்டும் கட்டிவிட்டு அந்தப் பகுதியோடு கட்டியை எடுத்துவிடலாம். நான்கில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்யும். உங்கள் மகளுக்கு மேற்பகுதியில் இருப்பது இந்த வகை அறுவைக்கு வாய்ப்பான இடம்.

5 செ.மீ.-க்கு மேல் இருந்தால் அறுவை என்ற பழைய வழக்கத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதில்லை. தொல்லை தராத கட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் மகளுக்கோ சாப்பிட முடியவில்லை, வலியும் இருக்கிறது. அதனால் அறுவை நியாயமானது, அவசரமானது அன்று. மேற்சொன்ன மூன்று கிருமிகளுக்குமான தடுப்பூசிகளை அறுவைக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் போட்டுவிட வேண்டும். பகுதி அறுவை என்று திட்டமிட்டு உள்ளே சென்றாலும், இரத்தப்போக்கு கட்டுப்படாவிட்டால் முழுவதையும் எடுக்க நேரலாம் என்பதாலேயே இந்த முன்னேற்பாடு. அதுவரை கபடி, சைக்கிள் பந்தயம் எதுவும் வேண்டாம். கட்டி உடைந்தால் உள்ளே இரத்தம் கொட்டும்.

பதில் 4 – வைகைக்கரை

நான் மருத்துவர் அல்லன். என் அக்கா மகளின் அனுபவம் ஒன்று இந்த இழைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பத்து வயதில் அடிவயிற்றில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. சில நாட்களில் காணாமலும் போகும். வலி வரும்போதெல்லாம் சினைப்பைக் கட்டி என்றே ஒரு மருத்துவமனையில் ஓராண்டு சொல்லிவந்தார்கள். வேறோர் இடத்தில் ஸ்கேன் செய்த மருத்துவர்தான், இடது விலாவுக்குக் கீழே இருக்க வேண்டிய மண்ணீரல் அங்கே இல்லை என்பதைக் கவனித்தார். அடிவயிற்றில் இருந்த அந்தக் கட்டியே மண்ணீரல். இதுவும் பிறவிக் குறைதானா, அல்லது பின்னால் நழுவியதா என்று எங்களுக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை.

பதில் 5 – நிழலும் ஒளியும்

அது அலையும் மண்ணீரல். மண்ணீரலை இரைப்பையோடும் சிறுநீரகப் பக்கச் சுவரோடும் இழுத்துக் கட்டியிருக்கும் பந்தகங்கள் கருவிலேயே சரியாக உருவாகாததால் குழந்தைகளுக்கு இப்படி ஆகிறது. பெரிய பெண்களுக்குப் பிள்ளைப்பேறுகளுக்குப் பின் அவை தளர்ந்து ஏற்படுவதும் உண்டு. நீண்ட காம்பில் தொங்குவதால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு அவிழ்ந்தால் வலி நிற்கும், அவிழாவிட்டால் இரத்த ஓட்டம் நின்று மண்ணீரல் செத்துப்போகும். டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டத்தையும், சி.டி.-யில் காம்பு சுழல்போல் சுருண்டிருப்பதையும் பார்த்து உறுதி செய்கிறோம். உயிரோடு இருந்தால் அதை மேலே ஏற்றி வலைப்பையில் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

அந்த ஸ்கேன் மருத்துவர் செய்ததைத்தான் நான் பயிற்சி மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்: மண்ணீரல் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளில் சிலருக்கு மண்ணீரலே இருக்காது. அவர்களின் இரத்தச் செல்களில் ஹவல்-ஜாலி என்ற செல்கருவின் துணுக்குகள் மிச்சம் இருப்பதை, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையே காட்டிக்கொடுக்கும். வேறு சிலருக்குப் பல சிறு மண்ணீரல்கள் கொத்தாக இருக்கும். அவர்களிடம் உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை பாதியில் நின்று, இரத்தம் வேறு வழியாக இதயத்துக்கு ஏறுவதையும், பித்தக்குழாய் அடைப்பையும் தேட வேண்டும். ஆண் குழந்தைகளின் இடது விதையோடு மண்ணீரல் திசு ஒட்டிக்கொண்டு வளர்வதும் உண்டு. அதைப் புற்றுக்கட்டி என்று எண்ணி நல்ல விதையையே எடுத்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மலையடிவாரம் அம்மா, உங்கள் மகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. படிப்பவர்களில் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதினேன்.

பதில் 6 – கண்ணாடித்தகடு (திசு ஆய்வாளர்)

கதிரியலார் "சாய்வேன்" என்று சொல்லி நிறுத்திய இடத்திலிருந்து எங்கள் வேலை தொடங்குகிறது. பிறவிக் கட்டியா போலிக் கட்டியா என்பதை நெடுங்காலமாக ஒரே ஒரு கேள்வியால் முடிவு செய்துவந்தோம்: உட்சுவரில் செல்பூச்சு இருக்கிறதா? இருந்தால் பிறவிக் கட்டி, இல்லையென்றால் போலி. 1958-இல் மார்ட்டின் செய்த வகைப்பாடும் இந்த அடிப்படையிலேயே அமைந்தது. எபிடெர்மாய்டு கட்டியில் நம் தோலின் மேலடுக்கைப் போன்ற செதிள் செல்கள் இருக்கும். சிலவற்றில் வயிற்று உறையின் தட்டையான ஒற்றை அடுக்குச் செல்கள் மட்டும் இருக்கும். மண்ணீரல் உருவாகும்போது அதன் மேலுறைச் செல்கள் உள்ளே மடிந்து சிக்கி, பின்னர் செதிள் செல்களாக மாறுகின்றன என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. நீரின் அழுத்தத்தாலும் இரத்தக் கசிவாலும் அந்தப் பூச்சு பெரும்பகுதி உதிர்ந்துபோகும். சுவரில் இரண்டு துண்டுகள் மட்டும் வெட்டிப் பார்ப்பவருக்கு அது கிடைக்காது. "பூச்சு இல்லை, போலிக் கட்டி" என்று எழுதிவிடுவார், குழந்தை விழுந்த கதையும் அதற்கு ஒத்துப்போகும். லாஸ் ஏஞ்சலீஸின் அறுவை மருத்துவர் லியோன் மோர்கன்ஸ்டெர்ன் 2002-இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்: அடிபட்டதால் வந்தவை என்று பெயரிடப்பட்டவற்றில் பல, பூச்சை இழந்த பிறவிக் கட்டிகளே என்றும், வெண்மையாகப் பளபளத்து வரிமேடுகளுடன் தெரியும் உட்சுவரே பிறவிக் கட்டிக்குப் போதிய அடையாளம் என்றும் அவர் வாதிட்டார். நான் பெரும்பாலும் அவர் பக்கம். அதனால் உங்கள் அறுவை மருத்துவரிடம் இரண்டு வேண்டுகோள் வையுங்கள். எடுத்த கட்டியைத் திறந்தவுடன் உட்சுவரைப் படம் எடுத்து அனுப்பட்டும்; ஆய்வுக்கு அனுப்பும் தாளில் விழுந்த கதையோடு சி.ஏ. 19-9 அளவையும் எழுதட்டும். அது உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், பூச்சு எங்கோ இருக்கிறது என்று நாங்கள் விடாமல் தேடுவோம்.

பதில் 7 – மலையடிவாரம்

மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எம்.ஆர்.ஐ.-யில் ஈரலும் நுரையீரலின் அடிப்பகுதியும் நலம் என்று வந்தது; மார்பு எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. ஹைடாடிட் இரத்தப் பரிசோதனையும் இல்லை என்றே வந்தது. ஆனாலும் அறுவையின்போது அது ஹைடாடிட்டாகவே இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு, கட்டியை உடைக்காமல், மண்ணீரலின் மேற்பகுதியோடு சேர்த்து எடுத்தார்கள். தடுப்பூசிகளை மூன்று வாரங்களுக்கு முன்பே போட்டுவிட்டோம். பாதிக்கு மேல் மண்ணீரல் மிஞ்சியிருக்கிறது. துணை மண்ணீரலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

திசு அறிக்கையை முதலில் பார்த்தபோது "பூச்சு காணப்படவில்லை" என்று இருந்தது. நீங்கள் எழுதியதைக் காட்டி, கூடுதலாகத் துண்டுகள் வெட்டிப் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன், அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. பதினொன்றாவது துண்டில் ஒரு சிறு பகுதியில் செதிள் செல் பூச்சு இருந்ததாகத் திருத்திய அறிக்கை தந்தார்கள்: எபிடெர்மாய்டு நீர்க்கட்டி, புற்றின் அடையாளம் இல்லை. சென்ற வாரம் எடுத்த சி.ஏ. 19-9 அளவு 21. இப்போது அவள் ஒரு தட்டுச் சோறு முழுவதும் சாப்பிடுகிறாள். கபடி விளையாட எப்போது விடலாம் என்று தினமும் கேட்கிறாள். அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு சொல்வதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.